மாம்பழம் ஏற்றும் படகு

ரெம்பெர்த்தோ குட்டினோ தன் வாழ்நாளில் ஒரு கோழியைக்கூடத் திருடியதில்லை. அடுத்தவன் மனைவியை ஏறிட்டுப் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் அவள் திரும்புவதற்குள் கண்ணை எடுத்துக்கொண்டிருக்கிறான். அவன் செய்த ஒரே குற்றம், அரசாங்க அலுவலகம் ஒன்றில் கேட்ட கேள்விக்கு உண்மையான பதிலைச் சொன்னது. அதையும் மாம்பழப் பருவம் தொடங்குகிற நேரமாகப் பார்த்துச் சொன்னான்.

முறையாகச் சொல்வதென்றால் பிக்கப் வண்டியிலிருந்து தொடங்க வேண்டும். அது அவன் அப்பா காலத்து அமெரிக்க வண்டி. மூக்கு நீண்டு, இடுப்பு பெருத்து, கதவைச் சாத்தினால் தெருவே திரும்பிப் பார்க்கும். அவன் மனைவி நொராய்தா அதை 'மூத்தாள்' என்றுதான் சொல்வாள். தான் இளையாளாக வாக்கப்பட்டு வந்தவள் என்பது அவள் கட்சி. காலையில் எழுந்ததும் புருஷன் முதலில் போய்த் தொட்டுப் பார்ப்பது தன் நெற்றியையல்ல, அந்த வண்டியின் இன்ஜின் மூடியைத்தான் என்று அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். ஆனால் கனேய் மலைச்சரிவில் பழுக்கிற மாம்பழத்தைச் சாந்தியாகோ சந்தையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது மூத்தாள்தான். வீட்டில் அடுப்பு எரிவது அவள் புண்ணியத்தில்தான் என்பதை இளையாளும் மறுத்ததில்லை.

மரமெல்லாம் பிஞ்சு பிடித்திருந்த வசந்தத்தில் மூத்தாளின் பெட்ரோல் இன்ஜின் மேட்டில் ஏறும்போது இரண்டு முறை இருமியது, ஒரு முறை இடித்தது, பிறகு வயிற்றைக் கிழித்துக்கொண்டு ஒரு இரும்புத் தண்டு வெளியே எட்டிப் பார்த்தது. அத்தோடு கதை முடிந்தது. அதற்காக ரெம்பெர்த்தோ அழவில்லை. அந்த இன்ஜின் குடிகாரன் குடிப்பதுபோலப் பெட்ரோல் குடித்தது. ஊருக்குள் பெட்ரோலோ வதந்தியாக மட்டுமே வந்துகொண்டிருந்தது. டீசலாவது கூட்டுறவுச் சங்கத்தில் விவசாயிகளுக்கு எப்போதாவது கிடைக்கும். டீசல் இன்ஜின் ஒன்றைத் தேடிப்பிடித்து மாட்டிவிட்டால், பழம் பழுப்பதற்குள் சந்தைக்குப் போய்விடலாம். வருஷத்துச் சாப்பாடு அந்தப் பழத்தில் இருந்தது. அவனுடையது மட்டுமல்ல, சரிவில் இருக்கிற எல்லா வீட்டுப் பழமும் அவன் வண்டியை நம்பித்தான் காய்த்துத் தொங்கியது.

இன்ஜின் கிடைத்தது. நொராய்தாவின் சித்தப்பா மகன் கடற்கரையில் ஒரு மீனவர் கூட்டுறவில் இருந்தான். அங்கே ஒரு பழைய படகை உடைத்தார்கள். அதன் டீசல் இன்ஜினை ரசீது போட்டு, முத்திரை குத்தி, சட்டப்படி விற்றார்கள். சட்டப்படி வாங்கியதுதான் பின்னால் வந்த வினைக்கெல்லாம் வேர்.

மாட்டிக் கொடுக்க உபால்தோ வந்தான். அவன் ரெம்பெர்த்தோவின் பள்ளித் தோழன், லேத் பட்டறைக்காரன், தீவிலேயே தன்னைப்போல வேலைக்காரன் இல்லை என்று தீவு முழுவதும் சொல்லித் திரிகிறவன். முற்றத்துச் சிமெண்டுத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் மூத்தாளின் உள்வயிற்றை வரைந்தான். கடல் இன்ஜினை மரமுட்டின்மேல் வைத்துச் சுற்றிச் சுற்றி வந்தான். இன்ஜின் ஒரு சாண் நீளம் அதிகம், ஆகவே ரேடியேட்டர் முன்னால் தள்ள வேண்டும். கனமும் அதிகம், ஆகவே முன் வில்லுக்குப் பால் லாரி ஒன்றின் பட்டைகளைக் கூடுதலாகப் போட வேண்டும். ஆயில் தொட்டி முன் அச்சில் இடிக்கும், அதை வெட்டிப் பின்னால் ஒட்ட வேண்டும். இதுவரை கடல் தண்ணீரைக் குடித்துக் குளிர்ந்த இன்ஜினுக்கு இனிமேல் குழாய்த் தண்ணீர் குடிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் பத்துப் பொருத்தத்தில் ஒன்றுகூட இல்லை. இரண்டையும் சேர்த்து வைக்கக் கனத்த இரும்புத் தட்டு ஒன்று வேண்டும், அதை மூடிப்போன சர்க்கரை ஆலையின் கதவில் அறுத்துக்கொள்ளலாம். இத்தனையையும் உபால்தோ கைச்சாணால் அளந்துவிட்டு, "மில்லிமீட்டர் பிசகாது மாப்ளே" என்றான்.

பிசகியது. ஆனால் அதெல்லாம் சுத்தியலால் தீர்கிற பிசகு.

சுத்தியலால் தீராதது ஒன்று இருந்தது. வண்டியின் காகிதத்தில் ஒரு இன்ஜினும் மூடிக்குள் வேறு இன்ஜினும் இருந்தால் சந்திப்பில் நிற்கிற போலீஸ்காரன் வண்டியைக் கொண்டுபோய்விடுவான். ஆகவே, வாகன உறுப்பு மாற்று மாகாண ஆணையத்தின் அனுமதி வேண்டும்.

ஆணையம் பழைய ஐஸ்கிரீம் கடை ஒன்றில் இயங்கியது. சுவரில் சாக்லேட், கொய்யா, தேங்காய் என்று எழுதியிருந்தது இன்னும் அழியவில்லை. உள்ளே ஐஸ்கிரீம் கிடைக்காத காலத்திலும் இருந்த அதே கூட்டம் இப்போதும் இருந்தது. ரெம்பெர்த்தோ வாசலில் நின்று வழக்கப்படி, "யாருங்க கடைசி?" என்று கேட்டான். வாதுமை மரத்தடியில் விசிறிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் விசிறியைத் தூக்கிக் காட்டினாள். "உங்களுக்கு அப்புறம் நான்" என்று சொல்லிவிட்டு அவன் நிழல் தேடிப் போனான். கடைசி ஆளைத் தெரிந்துகொண்டால் போதும், பிறகு நிற்க வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வரலாம், கல்யாணம்கூடச் செய்துகொண்டு வரலாம், இடம் அப்படியே இருக்கும். எதற்கு வரிசை என்பதைக்கூட இடம் போட்ட பிறகுதான் கேட்பார்கள். அந்தத் தீவில் ஒருவரும் மீறாத சட்டம் இது ஒன்றுதான், இதை எந்த ஆணையமும் போடவில்லை.

ஜன்னலுக்குப் பின்னால் தோழர் ஸோய்லா இருந்தாள். நகத்துக்கு வண்ணம் பூசியபடியே பெயர், ஊர், வண்டி எல்லாம் கேட்டாள்.

"புது இன்ஜின் எதுலேர்ந்து?"

"மீன்பிடிப் படகுலேர்ந்து, தோழர்."

கூடத்தில் விசிறிகள் நின்றன. ஸோய்லா தூரிகையைப் புட்டிக்குள் வைத்தாள். கெட்ட மனசுக்காரி இல்லை அவள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க தோழர். டிராக்டர்லேர்ந்துன்னு சில பேர் சொல்லுவாங்க. தண்ணி பம்புலேர்ந்துன்னும் சொல்லுவாங்க. நான் எதையும் எழுதிக்குவேன்."

"இல்லீங்க, படகுதான். ரசீதே இருக்கு" என்று ரெம்பெர்த்தோ பெருமையோடு நீட்டினான்.

அவள் அவனை, பாலத்திலிருந்து குதிக்கப் போகிறவனைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு எழுந்துபோய் ஆணையத் தலைவரைக் கூப்பிட்டு வந்தாள்.

தலைவர் தோழர் அனிசேத்தோ வால்டிவியா சாதாரணமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. தண்ணீர் கேட்டாலும் மேடையில் நிற்பதுபோலத்தான் கேட்பார். ரசீதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"தோழர் குட்டினோ! நான் இந்த ஆணையத்தின் பொறுப்பை ஏற்ற நாள்முதல் இங்கே ஒரு அனுமதிகூடத் தவறாக வழங்கப்பட்டதில்லை. ஏனெனில், ஒரு அனுமதியும் வழங்கப்பட்டதில்லை. இந்தத் தூய்மையை நான் உங்களுக்காகக் கெடுத்துக்கொள்ள வேண்டுமானால் இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். ஒன்று, உங்கள் பழைய இன்ஜின் உண்மையிலேயே இறந்துவிட்டதா? இரண்டு, படகின் இதயத்தைச் சுமக்கும் ஒரு வண்டி வண்டியா, படகா? படகென்றால், அது எங்கே போவதாக உத்தேசம்?"

"சந்தைக்குங்க" என்றான் ரெம்பெர்த்தோ.

"எந்தக் கரையில் இருக்கும் சந்தை?" என்று தலைவர் கேட்டபோது அவர் குரல் தணிந்தது. கூடத்தில் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். வடக்கே கடலுக்கு அப்பால், மூத்தாளைச் செய்த நாட்டில், என்ன இருக்கிறது என்று அந்தத் தீவில் எல்லோருக்கும் தெரியும், அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பழைய லாரியைப் படகாக்கிக்கொண்டு கிளம்பியவர்களைப் பற்றிய பேச்சும் ஊரில் உண்டு. பேசுகிறவர்கள் தாங்கள் வேறு யாரிடமோ கேட்டதாகத்தான் சொல்வார்கள்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னான். நொராய்தா கருப்பு அவரையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"டிராக்டர்னு சொல்லித் தொலைச்சா வாய் அவிஞ்சா போயிடும்?"

"பொய் சொல்லச் சொல்றியா?"

"உனக்குப் பொய் சொல்ல வராதுங்கறது எனக்குக் கல்யாணத்தன்னிக்கே தெரியும். நான் எப்படி இருக்கேன்னு கேட்டதுக்குக் களைச்சுப்போயிருக்கன்னு சொன்ன ஆள்தானே நீ."

முதல் கேள்விக்கு விடை தேட ஆணையம் நாள் குறித்தது. பழைய இன்ஜினோடு வண்டி நேரில் வர வேண்டும், அதுவும் தன் பலத்தால் வர வேண்டும். இழுத்து வரப்படும் வாகனங்களை ஆணையம் வாகனமாகக் கருதாது. செத்த இன்ஜின் எப்படித் தன் பலத்தால் வரும் என்று ரெம்பெர்த்தோ ஸோய்லாவிடம் கேட்டான். அது விண்ணப்பதாரரின் பொறுப்பு என்று விதியிலேயே இருப்பதாக அவள் சொன்னாள்.

பக்கத்துத் தோட்டத்து எருதுகளைப் பூட்டி மூத்தாளை ஐஸ்கிரீம் கடைக்கு மேலே உள்ள தெருமுனை வரை இழுத்தார்கள். அங்கே எருதுகளை அவிழ்த்துச் சந்துக்குள் மறைத்தார்கள். மீதித் தெரு இறக்கம். ரெம்பெர்த்தோ பிரேக்கை விட்டான். மூத்தாள் சத்தமே இல்லாமல், தேர் வருகிற மாதிரி உருண்டு வந்து வாசலில் நின்றாள். தலைவர் வெளியே வந்து பார்த்தார்.

"வந்துவிட்டதே?" என்றார்.

"உருண்டு வந்துச்சுங்க தோழர்."

"உருளாமல் எந்த வண்டி வந்திருக்கிறது? வண்டி வந்துவிட்டது. ஆகவே இன்ஜின் உயிரோடு இருக்கிறது. ஆகவே மாற்றத் தேவையில்லை."

உபால்தோவுக்கு ரத்தம் கொதித்தது. மூடியைத் தூக்கி, இன்ஜினின் ஒரு பக்கத்து ஓட்டையில் கையை விட்டு, மறுபக்கத்தில் விரலை ஆட்டிக் காட்டினான். தலைவர் அந்த விரல்களை மரியாதையோடு பார்த்தார்.

"தோழர், உணர்ச்சிவசப்படாதீர்கள். ஒரு இன்ஜின் இறந்துவிட்டதா என்பதை இன்ஜின் தீர்மானிக்க முடியாது. அப்படி விட்டால் நாளை ஒவ்வொரு இன்ஜினும் தன் இஷ்டத்துக்குச் செத்துப்போகும். பிறகு ஆணையம் எதற்கு?"

அன்றைக்கு வழி காட்டியவள் ஸோய்லாதான். பிணம் தன் காலால் வருவதில்லை, ஆனாலும் இடுகாட்டுக்கு முறைப்படி வந்து சேர்கிறது என்று தலைவரின் காதில் சொன்னாள். தலைவர் யோசித்தார். வண்டி சவ ஊர்வலமாக வந்ததாகப் பதிவாயிற்று. அதற்கு உறவினர்கள் கையெழுத்து வேண்டும். ரெம்பெர்த்தோ போட்டான், உபால்தோ போட்டான். பெண்வழி உறவு ஒன்றும் தேவை என்றார்கள். அவரைச் சாறு ஒட்டிய கையோடு நொராய்தா மலையிலிருந்து இறங்கி வந்து, இறந்தவருக்கு என்ன முறை என்ற இடத்தில் 'சக்களத்தி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். யாரும் ஆட்சேபிக்கவில்லை. அதற்குள் பிஞ்சுகள் கையளவுக்கு வளர்ந்திருந்தன.

இரண்டாவது கேள்வி நேரே வீட்டுக்கு வந்தது. கரையோரக் கலங்கள் கண்காணிப்பு என்று ஒரு பிரிவு இருந்ததும், அது மலைமேலும் ஏறி வரும் என்பதும் அதுவரை யாருக்கும் தெரியாது. லெப்டினன்ட் ஒஸ்மானி தொப்பையும் வியர்வையுமாக வந்து முற்றத்தில் நின்றார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு மூத்தாளை ஒருமுறை சுற்றி வந்து, கலத்தின் பெயர் என்ன, தாய்த் துறைமுகம் எது என்று கேட்டார்.

"துறைமுகமா? இங்கேர்ந்து கடலே தெரியாதே தோழர்."

"அதனாலதான் சந்தேகமா இருக்கு" என்றார் லெப்டினன்ட்.

முடிவில் பெயர் 'மூத்தாள்' என்றும், துறைமுகம் 'கனேய், மாமரத்தடி' என்றும் எழுதப்பட்டது. உயிர்காப்பு மிதவை ஒன்று வேண்டும், அதற்கு லாரி டயரின் ட்யூப் போதும். நங்கூரம் வேண்டும், பழைய இன்ஜினையே சங்கிலியில் கட்டி அதைக் காட்டிவிடலாம். இத்தனைக்கும் ரெம்பெர்த்தோ தலையாட்டினான். சிக்கல் துடுப்பில் வந்தது. தனியார் படகுகளின் துடுப்புகளை இருட்டுவதற்குள் கண்காணிப்பிடம் ஒப்படைக்க வேண்டும், இல்லையென்றால் ராத்திரியில் கிளம்பிவிடுவார்கள்.

"துடுப்பே இல்லீங்களே."

"ஒப்படைக்க மறுக்கிறீங்களா?"

"இல்லாததை எப்படி ஒப்படைக்கிறது?"

"வாங்கி ஒப்படையுங்க. சட்டம் உங்களை எதையும் வெச்சுக்கச் சொல்லல, குடுக்கத்தான் சொல்லுது."

ரெம்பெர்த்தோ கடற்கரைக்கு நடந்துபோய் இரண்டு துடுப்பு வாங்கித் தோளில் சுமந்து மலையேறினான். மாம்பழத்துக்குக் கூடை பின்னுகிற பெண்கள் வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தார்கள். மலைமேல துடுப்பு எதுக்குண்ணே என்று ஒருத்தி கேட்டாள். அரசாங்கத்திடம் கொடுப்பதற்கு என்று அவன் உண்மையைச் சொன்னான். அதற்கு அவர்கள் சிரித்த சிரிப்பு சரிவு முழுக்கக் கேட்டது. அன்றுமுதல் லெப்டினன்ட் ஒஸ்மானி தினமும் சாயங்காலம் வந்து துடுப்புகளை வாங்கிக்கொண்டு போவார், காலையில் ஆள்வைத்து அனுப்பிவிடுவார். போகப் போகக் கொஞ்சம் முன்னதாகவே வரத் தொடங்கினார். மாமரத்தடியில் உட்காருவார், நொராய்தா கொடுக்கும் காபியைக் குடிப்பார், வண்டியையே பார்த்துக்கொண்டிருப்பார். கண்காணிக்கிறாராம். ரெம்பெர்த்தோ நம்பினான்.

மாங்காய் முற்றிவிட்டது. காம்பருகே மஞ்சள் விழத் தொடங்கிய வாரத்தில் ஆணையம் கடைசி நிபந்தனையைச் சொன்னது. வாகனம் மிதக்க இயலாதது என்று நிரூபிக்க வேண்டும். அதற்கு ஒரே வழி, அதைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பது. சோதனைக்காக மட்டும் புது இன்ஜினைத் தற்காலிகமாகப் பொருத்திக்கொள்ள அனுமதி உண்டு.

உபால்தோ பொருத்தினான். சுத்தியல் சத்தத்துக்கு நாய்கள் ஊரைவிட்டே போய்விட்டன. ஆலைக் கதவில் அறுத்த தட்டு இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டது. ரேடியேட்டர் மூக்கை முட்டிக்கொண்டு நின்றது. ரெம்பெர்த்தோ சாவியைத் திருப்பினான். முதலில் கரும்புகை வந்தது. பிறகு இன்ஜின் பிடித்துக்கொண்டு முற்றமே அதிர ஓடியது. அந்த அதிர்வில் மாமரத்திலிருந்து முதல் பழம் விழுந்து, வண்டியின் பின்தட்டிலேயே உருண்டது. ரெம்பெர்த்தோ ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதுவிட்டான். இத்தனை மாதமும் அடக்கி வைத்திருந்த அழுகை அது. நொராய்தா கதவருகே வந்து அவன் தலையில் கை வைத்தாள். மூத்தாளுக்கு மறுபிறப்பு வந்துவிட்டதென்றால் தனக்குக் கிடைத்திருந்த கொஞ்ச நாள் நிம்மதியும் போயிற்று என்றாள். அவள் கண்ணும் ஈரமாகத்தான் இருந்தது.

சோதனைக்கு ஒரு சிறிய விரிகுடாவைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆணையம் முழுவதும் பஸ்ஸில் வந்தது. நாற்காலி போட்டு, குடை விரித்து, வறுத்த வாழைக்காயும் எடுத்து வந்திருந்தார்கள். மூத்தாளை அதே எருதுகள் இழுத்து வந்தன, ஏனென்றால் ஓடுகிற இன்ஜின் இருந்தாலும் ஓட அனுமதி இல்லை. ரெம்பெர்த்தோ கணக்குப் போட்டுப் பார்த்தான். மிதந்தால் சட்டவிரோதப் படகென்று பறிமுதல், மூழ்கினால் வண்டி கடலோடு போயிற்று. எப்படிப் பார்த்தாலும் பழம் மரத்தில் அழுகும். பின்தட்டில் கல்லை நிரப்பி வைக்கலாம் என்று அவன் நினைத்தான். அதற்கும் மனம் வரவில்லை, அது மோசடி.

தலைவர் வால்டிவியா மணலில் நின்று கடலைப் பார்த்து உரையாற்றினார்.

"தோழர்களே! இந்தக் கடல் நம்முடையது. ஆகவேதான் இதில் யாரும் இறங்காமல் பாதுகாக்கிறோம். நான் பிறந்தது இந்தக் கரையில். அறுபது வயதாகிறது, ஒருமுறைகூட இந்தக் கடலில் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். சில இரவுகளில் ஜன்னலைத் திறந்து இதன் ஓசையைக் கேட்பேன். அவ்வளவுதான். உடனே சாத்திவிடுவேன். கட்டுப்பாடு என்பது அதுதான்."

கைதட்டினார்கள். கயிற்றைக் கட்டி வண்டியை அலைக்குள் தள்ளினார்கள். தண்ணீர் சக்கரத்தை மூடியது, கதவைத் தொட்டது. ஒரு பெரிய அலை வந்தபோது மூத்தாளின் பின்பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டு அசைந்தது. ஆணையம் மொத்தமும் நாற்காலியைவிட்டு எழுந்து எம்பிப் பார்த்தது. லெப்டினன்ட் தொப்பியைக் கழற்றினார். ஸோய்லா கையைக் கோத்து மார்பில் வைத்துக்கொண்டாள். அலை திரும்பியது. மூத்தாள் மணலில் உட்கார்ந்து, பிறகு அசையவே இல்லை.

கூட்டத்திலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. அது நிம்மதிப் பெருமூச்சு மாதிரி இல்லை. ரெம்பெர்த்தோவுக்கு அதைக் கவனிக்க அப்போது தெம்பில்லை. வண்டி தப்பித்தது, பழம் தப்பித்தது என்று மண்டியிட்டு மணலைத் தொட்டுக் கும்பிட்டான்.

உபால்தோவுக்குத்தான் தாங்கவில்லை. தன் கை பட்ட ஒன்றை எதற்கும் லாயக்கில்லை என்று ஊர்கூடித் தீர்ப்புச் சொல்வதா?

"மிதக்காதுன்னு யாருய்யா சொன்னது?" என்றான். "நாலு காலி டிரம்மைக் கட்டி விடு, வாத்து மாதிரி போகும். பின்னால தண்டுல ஒரு படகு விசிறியை மாட்டினா முடிஞ்சுது."

ஆணையம் நாற்காலிகளை அவன் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டது. 

"அதை மறுபடியும் சொல்லுங்கள்" என்றார் தலைவர். "பதிவுக்காக."

உபால்தோ பதிவுக்காக விளக்கமாகவே சொன்னான். எந்தப் பக்கம் எத்தனை டிரம், எதில் கட்டுவது, வெளியே வரும் தண்டை எங்கே அடைப்பது என்று மணலில் குச்சியால் வரைந்தே காட்டினான். லெப்டினன்ட் குனிந்து பார்த்தார். தலைவர் ஸோய்லாவிடம் திரும்பி, இது எதுவும் பதிவேட்டில் ஏறக் கூடாது என்றார். ஸோய்லா ஏற்றவில்லை. பேனாவையே அவள் எடுத்திருக்கவில்லை, வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

அனுமதி வந்துவிட்டது. ஆணையத்தின் சரித்திரத்தில் முதல் அனுமதி. அதன்படி மூத்தாள், 'மிதக்க இயலாததும் தரையில் தற்காலிகமாகத் தங்கியிருப்பதுமான கலம்'. அது ஏற்றிச் செல்லும் மாம்பழம் சட்டத்தின் பார்வையில் பிடித்த மீனாகக் கருதப்படும். ரெம்பெர்த்தோ அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வண்டியை நல்ல தண்ணீரில் கழுவி, உப்பு போகத் துடைத்து, கூட்டுறவுச் சங்கத்தில் கிடைத்த டீசலைத் தொட்டி நிறைய ஊற்றி, திங்கட்கிழமை முதல் நடைக்குத் தயார் செய்தான். முன்பருவப் பழம் பாதி உதிர்ந்து போயிருந்தது, மீதி மரத்திலேயே மணத்தது. சரிவு வீடுகளுக்கெல்லாம் சொல்லியனுப்பினான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஊரே சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரம். ரெம்பெர்த்தோ கூடைகளை வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். வீட்டுக்குப் பின்னால் சில நாளாகக் காலி டிரம்கள் சில கிடந்தன. மழைத்தண்ணீர் பிடிக்க நொராய்தா வாங்கினாள் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். மலைப்பாதையில் ஏதோ உருளுகிற சத்தம் கேட்டது. ஓலைத் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரு காலி டிரம்மைக் காலால் தள்ளிக்கொண்டு, மூச்சு வாங்க ஒருவர் ஏறி வந்தார். தலைவர் வால்டிவியா.

ரெம்பெர்த்தோ பதறிப்போய்க் கூடையைக் கீழே வைத்தான். அனுமதியைத் திரும்ப வாங்க வந்திருக்கிறாரோ என்று பயம். தலைவர் முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார், கிட்டே வந்தார். அவர் சாதாரணமாகப் பேசி ரெம்பெர்த்தோ கேட்டது அன்றுதான்.

"தம்பி, நமக்குள்ள இருக்கட்டும். எத்தனை பேரைத் தாங்கும்?"

"எது தோழர்?"

"தோழரெல்லாம் எதுக்குப்பா இப்ப? நான் ஒரே ஆள்தான். ஒல்லி. டிரம்மும் நானே கொண்டாந்திருக்கேன்."

"இது மாம்பழ வண்டிங்க. நாளைக்குச் சந்தைக்குப் போகுது."

"சந்தைக்குத்தான், சந்தைக்குத்தான்" என்று தலைவர் கண்ணடித்தார். "கேட்டா நானும் அதையேதான் சொல்லுவேன்."

பிறகு தீவில் பிறந்து வளர்ந்த எந்த மனிதனும் செய்வதை அவரும் செய்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு, முற்றத்தைப் பார்த்துப் பொதுவாகக் கேட்டார்.

"யாருங்க கடைசி?"

மாமரத்தடியில் படுத்திருந்த லெப்டினன்ட் ஒஸ்மானி கண்ணைத் திறக்காமலே கையைத் தூக்கினார்.

"நான்தான். எனக்கு முன்னாடி ஸோய்லா, இடம் சொல்லிட்டுப் போயிருக்காங்க. அவங்களுக்கு முன்னாடி உபால்தோ."

"உங்களுக்கு அப்புறம் நான்" என்றார் தலைவர்.

ரெம்பெர்த்தோ லெப்டினன்டைப் பார்த்தான், தலைவரைப் பார்த்தான். அவனோடு ஒரே பெஞ்சில் படித்த உபால்தோவா?

"உபால்தோவுக்கு முன்னாடி யாரு?" என்று கேட்டான்.

 லெப்டினன்ட் கண்ணை மட்டும் திறந்து சமையற்கட்டுப் பக்கம் பார்த்தார். வாசலில் நொராய்தா துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"வரிசையைப் பார்த்தா இடம் போட்டு வைக்கிறதுதான்யா" என்றாள். "எதுக்குன்னு அப்புறம் கேட்டுக்கலாம். நம்ம ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் போட்டேன்."

 ரெம்பெர்த்தோ வண்டியின் மூடியில் கை வைத்தான், வெயிலில் சுட்டது. எடுக்காமல் அப்படியே வைத்திருந்தான். சரிவு முழுக்கப் பழ வாசனை. பழத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதாகப் பத்து வீட்டுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். பிறகு, பிறந்ததிலிருந்து முதல்முறையாக, நல்ல தெளிவான குரலில் ஒரு பொய் சொன்னான்.

"டீசல் இல்ல."

ஒருவரும் சந்தேகப்படவில்லை. தீவில் யார் சொன்னாலும் உடனே நம்பப்படுகிற வாக்கியம் அது ஒன்றுதான். நொராய்தா மட்டும் அவனை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு காபி போட உள்ளே போனாள். தலைவர் டிரம்மை நிழலுக்கு உருட்டி, நிமிர்த்தி வைத்து, அதன்மேல் உட்கார்ந்தார்.

"வரும்போது வரட்டும்" என்றார். "இடம் போட்டாச்சில்ல."